நிலையத்துக்கு ஒரு கன்னம்

பப்பாளிச் சாற்றால் மனிதத் தோலுக்கு என்னென்ன பயன் உண்டு என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் அந்த நிலையத்தைத் தொடங்கினார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே பயன்கள் முடிவாகிவிட்டன. வாசல் சுவரில் அவற்றைப் பித்தளை எழுத்துகளில் பதித்தும் ஆயிற்று. பழம் வாங்க ஆள் அனுப்பியது அதற்குப் பிறகுதான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெரிய காரியங்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. முதலில் பழத்தைப் பார்ப்பது வீட்டுக்குக் காய்கறி வாங்குகிறவர்களின் பழக்கம்.

நம் கதைக்கு உரியவன் அங்கே சீசாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன். அதனால் எல்லோரும் அவனை லேபிள் என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கும் அது பழகிவிட்டது. பயந்த சுபாவம் என்று அவனைப் பற்றிச் சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. தெருவில் யாரோ யாரையோ அதட்டினால் இவன் நின்று மன்னிப்புக் கேட்பான். அப்படிப்பட்டவன் இந்த வேலையில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், தரைத்தளத்தில் ஊழியர்களின் குழந்தைகளுக்கென்று இருந்த காப்பகம். மனைவி படுக்கை விரிப்பு தைக்கிற பட்டறைக்குப் போகிறாள். ஊசியும் கத்தரியும் பறக்கிற இடத்துக்கு எந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவாள்? அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த மகள் பகல் முழுவதும் காப்பகத்தில் வளர்ந்தாள். வேலை போனால் தொட்டில் போகும், தொட்டில் போனால் மனைவியின் வேலையும் போகும். தூக்கத்தில்கூட இதை நினைத்து அவனுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது.

நிலையத்தில் காலையில் நுழைந்ததும் முதல் வேலை, இடது கன்னத்தில் பூச்சு. வலது கன்னத்தில் பூசக் கூடாது. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இடது கன்னம் நிலையத்துக்கு, வலது கன்னம் வீட்டுக்கு என்று ஊழியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். மறுநாள் காலை, பயன் அதிகாரி ஒரு வட்ட விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து, "என்ன பயன்?" என்று கேட்பார். சுவரில் இருப்பவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கன்னத்தில் தண்ணீர் படக் கூடாது. கழுவுவதற்குப் 'பயன் அழிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். லேபிளுக்குப் பக்கத்து மேசையில் மூடி திருகிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, ஒரு நாள் தாங்க முடியாமல் கழுவிவிட்டாள். அவளை யாரும் திட்டவில்லை, வேலையை விட்டு நீக்கவும் இல்லை. கொல்லைப்புறத்தில் தோலும் விதையும் அழுகுகிற குழிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் மண்வெட்டியோடு தனியாக நிற்பது தெரியும். அதற்குப் பிறகு யாரும் அந்த ஜன்னல் பக்கம் நின்று சாப்பிடுவதில்லை.

ஆரம்பத்தில் இந்தப் பூச்சால் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நன்றாகக் கனிந்த பழத்தில் சாறெடுத்தார்கள். அது மணமாக இருந்தது, மஞ்சளாக இருந்தது, யாருக்கும் எதுவும் செய்யவில்லை. எல்லோரும் பயனடைந்து நிம்மதியாக இருந்தார்கள். ஒரு நாள் நிலையத்தின் தலைவர் பழ அறைக்கு வருகை தந்தார். கூடையில் இருந்த பப்பாளியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கனிந்த பப்பாளியின் தோல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கங்கே கரும்புள்ளி, சுருக்கம், தழும்பு.

"இந்தத் தோலைப் பாருங்க," என்றார் தலைவர். "தன்னோட தோல்ல இருக்கிற புள்ளியையே போக்கிக்க முடியாத ஒரு பழம், அடுத்தவன் தோல்ல இருக்கிறதை எப்படிப் போக்கும்?"

கூட இருந்தவர்களுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றே உத்தரவு வந்தது: மாசு மருவற்ற தோல் உள்ள பழம் மட்டுமே உள்ளே வர வேண்டும். கனிந்ததெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டது. அப்பழுக்கில்லாமல் வழுவழுவென்று வந்து சேர்ந்தது முழுக்க முழுக்கப் பச்சைக் காய். அறுத்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பால் சொட்டியது. அந்தப் பாலோடு சேர்த்துச் சாறெடுத்தார்கள். அதைத்தான் காலையில் கன்னத்தில் பூசினார்கள்.

முதல் நாளே எல்லோருடைய இடது கன்னமும் அடுப்பில் காட்டி எடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எரிச்சல் என்கிற பயன் சுவரில் இல்லை. எனவே பயன் பிரிவு கூடி யோசித்து, ஊழியர்களுக்குச் சரியான சொற்களைக் கற்றுக்கொடுத்தது. சிவந்தால் மலர்ச்சி. எரிந்தால் விழிப்பு. தோல் உரிந்தால் புதுப்பிப்பு. வலி தாங்காமல் கண்ணில் நீர் வந்தால் அதற்கு ஈரப்பதம் என்று பெயர். காலை விளக்கின் முன்னால் லேபிள் கண்கலங்கி நின்றுகொண்டு, "நல்ல ஈரப்பதம் மேடம்," என்பான். "தொடர்ந்து பூசுங்க," என்பார் பயன் அதிகாரி. மண்வெட்டிப் பெண் நினைவுக்கு வர, அவனும் தொடர்ந்து பூசினான். தன் கன்னம்தானே, போனால் போகிறது என்று இருந்துவிட்டான். எவ்வளவோ பேர் வயிற்றுப் பிழைப்புக்கு முதுகையே கொடுக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை எல்லோரையும் கூட்ட மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். தலைவர் மேடையேறினார்.

"பெரியவங்க முகத்துல பயன் தெரியுதுன்னு நாம சொல்றோம். வெளியில இருக்கிறவங்க நம்ப மாட்டேங்கறாங்க. ஏன்? முகங்கள் அப்படி. நான் யாரையும் குறை சொல்லல." சொல்லிவிட்டு லேபிள் ஒட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். "ஆனா ஒரு கைக்குழந்தையோட கன்னத்தை யாரால குறை சொல்ல முடியும்? பூசறதுக்கு முன்னாடியும் பளபளன்னு இருக்கும், பூசினதுக்கு அப்புறமும் பளபளன்னு இருக்கும். இதைவிடப் பெரிய நிரூபணம் கிடையாது. இன்னிக்கு மத்தியானம், வெளியிலேர்ந்து வர்ற விருந்தாளிகள் முன்னால, நம்ம காப்பகத்துக் குழந்தைகளோட கன்னத்துல இந்தப் பூச்சை அறிமுகப்படுத்தறோம்."

கைதட்டல் எழுந்தது. தலைவர் பேசி முடித்தபின் அவர் கையை உயர்த்தும் வரை தட்ட வேண்டும் என்பது நிலையத்தின் ஒழுங்கு. அவர் உயர்த்தினார். நின்றது.

"ஒரு விஷயம். பெத்தவங்கதான் தங்களோட கையால பூசணும். நிலையம் எந்தக் குழந்தையையும் தொடாது, அது நம்ம கொள்கை. நல்லது நடந்தா அது சாறோட பயன். வேற ஏதாவது நடந்தா அது குடும்ப விஷயம்."

லேபிளுக்குத் தன் கன்னத்தில் எரிவது அப்படியே இறங்கி, தரைத்தளத்தில் தொட்டிலில் கிடக்கிற அந்த உருண்டைக் கன்னத்தில் ஏறுவது போல இருந்தது. குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. எரிகிறது என்று சொல்லத் தெரியாது, விழிப்பு என்று பொய் சொல்லவும் தெரியாது. கூட்டம் கலைந்த பிறகும் அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஒருவாறு எழுந்து பயன் அதிகாரியின் அறைக்குப் போனான். வாழ்நாளில் யாரிடமும் புகார் என்று ஒன்றைச் சொல்லாதவன் சொல்லப் போகிறான் என்றால் பயம் எவ்வளவு தூரம் அவனைத் தள்ளியிருக்க வேண்டும். அந்த அம்மாள் மேசையில் சின்ன மின்விசிறி ஒன்று அவருடைய இடது கன்னத்துக்கு மட்டும் காற்று வீசிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் அங்கே ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எரியுது."

"எது?"

"கன்னம், மேடம்."

"விழிப்பு."

"இல்ல மேடம், நிஜமாவே எரியுது."

"நிஜமான விழிப்பு," என்றார் பயன் அதிகாரி. பிறகு கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். "உட்காருங்க. உங்க தோல் எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"எப்படி மேடம்?"

"இப்படி, ஒத்துழைக்காம."

லேபிள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். எப்போதிலிருந்து என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை அது ஒழுங்காகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்ல வேற யாருக்காவது உண்டா? உங்கப்பா மேல வெந்நீர் பட்டா என்ன பண்ணுவார்?"

"கத்துவார் மேடம்."

"பார்த்தீங்களா." அந்த அம்மாளின் முகத்தில் ஒரு கனிவு வந்தது, நோய் என்னவென்று கண்டுபிடித்த மருத்துவருக்கு வருகிற கனிவு. "பரம்பரை. நீங்க பயப்படாதீங்க, உங்க மேல தப்பில்ல. அப்போ உங்க குழந்தைக்கும் இது இருக்கும். சின்ன வயசுலேயே பிடிச்சுட்டா சரி பண்ணிடலாம். இன்னிக்கு உங்க பொண்ணுக்கு ரெண்டு தடவை பூசச் சொல்றேன்."

"வேண்டாம் மேடம்," என்றான் அவன்.

"எரியுதுன்னே வெச்சுக்குவோம். அதை நான் எந்தப் பயனுக்குக் கீழ சேர்க்கிறது? சொல்லுங்க. சுவத்துல எங்க இடம் இருக்கு?" அவருடைய கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு உதட்டுக்கு வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "எங்களுக்கெல்லாம் உணர்ச்சி இல்லையா? நாங்க அதைப் பயனா மாத்திக்கலையா? போங்க. குழந்தைக்கு நல்ல சட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க."

ஒரு தடவை என்று இருந்ததை இரண்டு தடவை ஆக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். ஆய்வகத்தில் இருப்பவருக்குப் படிப்பு அதிகம், அவரிடம் கேட்டால் ஒரு வழி பிறக்கும் என்று மாடியேறினான். ஆய்வகக்காரர் அப்போதுதான் ஒரு பச்சைக் காயைக் கீறி, பால் சொட்டுவதைக் குழந்தையின் குறும்பைப் பார்க்கிற மாதிரி ரசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மின்விசிறியும் இடது பக்கம்தான் இருந்தது.

"சார், இந்தப் பால் குழந்தைத் தோல்ல பட்டா ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாம என்ன? வீட்ல கறி வேகலைன்னா பப்பாளிக்காய்த் துண்டு போடறாங்களே, எதுக்கு?" ஆய்வகக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது சதையையே கரைக்கும். அவ்வளவு சக்தி. செத்த தோலை அப்படியே தின்னுடும்."

"உயிரோட இருக்கிற தோலை?"

"அதையும்தான். செத்தது எது, உயிரோட இருக்கிறது எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

"குழந்தை மேல செத்த தோலே இருக்காதே சார்."

ஆய்வகக்காரர் யோசித்தார். நியாயமான மனிதர், எதையும் யோசிக்காமல் சொல்ல மாட்டார். "அது நல்ல கேள்வி. ஆனா என் கேள்வி இல்ல. என் வேலை சாறு எடுக்கிறது. அதை எங்க பூசறதுன்னு முடிவு பண்றது பயன் பிரிவு. பயன் பிரிவுக்கு இது என்ன செய்யும்னு தெரியாது, ஏன்னா அவங்க என்கிட்டக் கேக்க மாட்டாங்க. கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்? நானாப் போய்ச் சொன்னா அது அவங்க வேலையில தலையிடற மாதிரி." பிறகு அன்போடு அவன் தோளில் கை வைத்தார். "உங்க குழந்தைக்கு என்ன வயசு? பல் முளைச்சாச்சா?"

லேபிள் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். இனி யாரையும் கேட்டுப் பயனில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான் என்று மனம் சொன்னது. ஓடினால் வேலை போச்சு என்று அதே மனம் சொன்னது. இரண்டையும் கேட்டுக்கொண்டே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைத் தொட்டிலக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கன்னத்திலும் தோல் உரிந்திருந்தது.

"அக்கா, பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"விழா முடியறவரைக்கும் எந்தக் குழந்தையையும் வெளியில விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தம்பி." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஒரு குழந்தைக்கு வேர்க்குரு. அதை மட்டும் திருப்பி அனுப்பிட்டாங்க. தோல்ல ஏதாவது இருந்தா மேடைக்கு ஆகாதாம்."

அவன் மகள் பாயில் குப்புறக் கிடந்து ஒரு துணி முயலின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முயலை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நொடியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பயந்தவனுக்கு வருகிற யோசனை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. நேரே தன் மேசைக்கு ஓடி, சீசாவில் எண் குத்துகிற முத்திரை மையில் விரலை அழுத்திக்கொண்டு, கையைக் கால்சட்டைப் பையில் மறைத்தபடி திரும்பி வந்தான். மகளின் வலது கன்னத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கறையை வைத்தான். அந்த மை தண்ணீருக்கு அசையாது. தொட்டிலக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பாக்கல தம்பி," என்றாள் சுவரிடம்.

கொஞ்ச நேரத்தில் பயன் பிரிவிலிருந்து ஒருவர் வட்ட விளக்கோடு வந்தார். குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழ அறையில் பழத்தைப் பார்ப்பது போலவே. லேபிளின் மகளிடம் வந்ததும் விளக்கு நின்றது.

"இது என்ன?"

"கறை சார்," என்றான் லேபிள். "பிறவியிலேயே இருக்கு சார். தோல் சுத்தமில்ல. மேடைக்குச் சரிப்படாது சார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

விளக்குக்காரர் வெளியே ஓடினார். லேபிள் முயலையும் மகளின் மாற்றுத் துணியையும் பையில் திணித்தான். தப்பித்தோம் என்று அவன் ஒரு மூச்சு விடுவதற்குள், விளக்குக்காரர் பயன் அதிகாரியோடு திரும்பி வந்தார். அந்த அம்மாளின் முகம் பூரித்திருந்தது.

"மத்த குழந்தைங்க எல்லாம் ஏற்கெனவே சுத்தமா இருக்கேன்னு காலையிலேர்ந்து கவலையா இருந்துச்சு," என்றார். "விருந்தாளிகள் எதைப் பார்த்து நம்புவாங்கன்னு. இப்படி ஒரு குழந்தை நம்ம காப்பகத்துலேயே இருந்திருக்கு, யாரும் சொல்லலையே. முதல்ல இவதான். கறை போகிற வரைக்கும் பூசுவோம்."

"கறை போகலைன்னா மேடம்?" என்றான் லேபிள். அது எந்த மை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"போகிற வரைக்கும்னு சொன்னேனே," என்றார் பயன் அதிகாரி.

மண்டபத்தில் விருந்தாளிகள் நிரம்பிவிட்டார்கள். நிலையத்து ஊழியர்கள் பின்வரிசைகளில். மேடையில் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெற்றோர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. மேடைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அவர்களுடைய இடது கன்னங்களில் புதிதாக ஒரு கனத்த பூச்சு ஏற்றியிருந்தார்கள். லேபிளுக்குக் கண்ணே சரியாகத் தெரியவில்லை. மகள் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி வெளி வாசல் வரைக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்கள்.

தலைவர் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார். லேபிள் விரலால் தொட்டான். விரல் நுனி சுரீர் என்றது. அந்த விரலை மகளின் முகத்துக்குக் கொண்டுபோனான். அவள் அது தின்பதற்கு ஏதோ என்று நினைத்து வாயைத் திறந்தாள்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வேலை, தொட்டில், மண்வெட்டி எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. எதுவும் மறந்துபோய் வீரம் வந்துவிடவில்லை. விரலை மட்டும் திருப்பித் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எரியுது சார்," என்றான். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுவதும் கேட்டது. "இது எரியும் சார். குழந்தை தாங்காது."

முன்வரிசையில் ஒரு விருந்தாளி பக்கத்து விருந்தாளியிடம் என்ன என்று கேட்டார். பயன் அதிகாரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தலைவர் ஒலிவாங்கியை மெல்லக் கையில் எடுத்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் லேபிளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"தம்பி எரியுதுங்கறாரு," என்றார். "உண்மைதான். எனக்கு மட்டும் எரியலையா? நேத்து இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல. என் மனைவி கேட்டாங்க, ஏன் விட்டத்தையே பாத்துட்டு இருக்கீங்கன்னு. நான் சொன்னேனா? சொல்லல. அதோ, பயன் அதிகாரி உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு எரியலையா? ஆய்வகத்துல எரியலையா? இந்த நிலையத்துல எரியாத கன்னம்னு ஒண்ணு இருந்தா கை தூக்குங்க பார்ப்போம்."

ஒரு கையும் உயரவில்லை. விருந்தாளிகள் தங்கள் கன்னங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா சுவத்துல என்ன எழுதியிருக்கு? பித்தளையில எழுதியிருக்கு. ஒரு கன்னம் இன்னிக்கு எரியும், நாளைக்கு ஆறிடும். பித்தளையைப் பேர்த்தா சுவத்துல ஓட்டை விழும், அது ஆறாது." தலைவரின் குரல் தழுதழுத்தது. "நமக்கு எரியுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தர்கூட வாயைத் திறக்காம, ஒத்துமையா, சிரிச்ச முகத்தோட எரிஞ்சுகிட்டு இருக்கோமே, அதுதான் நிலையம். தம்பியோட குழந்தைக்கும் அந்தப் பெருமையை நாம கொடுக்க வேண்டாமா?"

இதைவிட நேர்மையான பேச்சை அந்த மண்டபம் கேட்டதில்லை. மொத்த நிலையமும் எழுந்து நின்று கைதட்டியது. விருந்தாளிகளும் எழுந்து தட்டினார்கள். தலைவர் கண் கலங்கிவிட்டார். ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் கைக்குட்டை. கைக்குட்டையை இடது கன்னத்திலிருந்து எடுக்க அவரால் முடியவில்லை. எனவே அவர் கையை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தும் வரை தட்டத்தானே வேண்டும்? தட்டினார்கள். பயன் அதிகாரி தட்டினார், விளக்குக்காரர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார், ஆய்வகக்காரர் தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். எல்லோருடைய கைகளும் வேலையாக இருந்தன.

லேபிள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினான். ஓடவில்லை. நடைபாதையில் நடந்தான், பித்தளை எழுத்துகளைக் கடந்தான். வாசலில் காவல்காரர் நிமிர்ந்து நின்று, ஒலிபெருக்கியைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்தார். அவருடைய வாய் ஏதோ கேட்கத் திறந்தது. ஆனால் தட்டுவதை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. லேபிள் தாழ்ப்பாளைத் தானே நீக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். துரத்தி வருகிறார்கள் என்றுதான் நினைத்தான். மேடையில் அவனோடு நின்றிருந்த இரண்டு மூன்று பேர் குழந்தைகளை இடுப்பில் இடுக்கியபடி வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, பேருந்துக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். உள்ளே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

வீட்டுக்குத் தனியாகப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. நேரே மனைவியின் பட்டறைக்கு நடந்தான். வழி முழுவதும் மகளை மார்போடு அணைத்து, அவள் முகத்தைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, அப்பா விடமாட்டேன்," என்று முணுமுணுத்தபடியே போனான். பின்னால் யாராவது செருப்புச் சத்தத்தோடு வந்தால் இன்னும் இறுக்கிக்கொண்டான். மகள் முதலில் சிணுங்கினாள், பிறகு அழுதாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து மேலும் சமாதானப்படுத்தினான். அவள் வீறிட்டாள்.

பட்டறை முற்றத்தில் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிற குழாய் ஒன்று இருந்தது. சொல்லி அனுப்பியதும் மனைவி தலைமுடியில் நூல் பிசிறுகளோடு வெளியே வந்தாள். குழந்தையைக் கையில் வாங்கினாள். வலது கன்னத்தைப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"மை."

குழந்தையைத் திருப்பினாள். இடது கன்னம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது.

"இது?"

அவனும் அப்போதுதான் பார்த்தான். வாய் திறந்தது, காலை தோறும் விளக்கின் முன்னால் திறந்து பழகிய வாய்.

"மலர்ச்சி," என்றான்.

மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பயன் அதிகாரியும் தலைவரும் சேர்ந்து பார்த்திருந்தாலும் அவனுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் பார்வை அவன் இடது கன்னத்துக்கு வந்தது. அங்கே காய்ந்து பளபளத்த பூச்சில் குழந்தையின் கன்னம் அழுந்தி எடுத்த இடம் வட்டமாகத் தெரிந்தது. குழாயைத் திறந்து, குழந்தையின் கன்னத்தில் கையால் தண்ணீரை ஏந்தி ஏந்தி விட்டாள். வெகுநேரம் விட்டாள். மகளின் அழுகை விக்கலாகி, மெல்ல அடங்கியது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தோழி ஒருத்தியிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க வாங்க. குனிங்க."

அவன் ஓரடி பின்வாங்கினான். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தவன், தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வந்தவன், கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"கழுவக் கூடாது," என்றான். "காலையில விளக்குல காட்டணும்."

"எந்த விளக்குல?"

இனிமேல் அந்த விளக்கின் முன்னால் போய் நிற்கப்போவதில்லை என்பது அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லை. அழுகை வந்தது. மனைவி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தலையைக் குழாயடியில் அழுத்தினாள்.

"எரியுது," என்றான்.

"எரியட்டும். குனிஞ்சு நில்லுங்க," என்று சொல்லி, அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.